ஹார்லெம் மாறியபோது காவலில் இருந்தவர்

ஒரு நகரப் பகுதி மாறிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கு, வீட்டு வாடகை, நிலப்பத்திரம் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். அப்பகுதியின் தெருமுனைகளில் இரவும் பகலும் நின்ற காவலர் என்ன கண்டார் என்று கேட்பது அரிது. வாடகை உயர்வதையோ தொழிற்சாலைக் கதவு ஒரு சாராருக்கு மூடப்படுவதையோ தீர்மானிக்கும் இடத்தில் காவலர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்மானங்களின் விளைவு குடும்பச் சண்டையாகவோ திருட்டாகவோ கூட்டமாகவோ தெருவுக்கு வரும்போது முதலில் எதிர்கொள்ள வேண்டியவர் அவரே. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி வெள்ளையர் குடியிருப்பு என்ற நிலையிலிருந்து உலகின் மிகப் புகழ்பெற்ற கறுப்பின நகரப் பகுதியாக மாறிய காலத்தில், அந்த மாற்றத்தைச் சீருடைக்குள்ளிருந்தே கண்டவர் சாமுவேல் ஜெஸ்ஸி பேட்டில். ஐந்து பெருநகரப் பிரிவுகளும் 1898இல் ஒன்றாக இணைக்கப்பட்ட பின் நியூயார்க் காவல்துறை பணியில் சேர்த்த முதல் கறுப்பினக் காவலர் அவர். அவருடைய பணிவாழ்வை அறிவதன் மூலம், ஒரு குடியிருப்பு மாறும்போது காவலரால் எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடிவதில்லை என்பதை ஓரளவு தெளிவாக உணரலாம்.

ஹார்லெம் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் அமைந்தது. டச்சுக் குடியேறிகள் 1658இல் நிறுவிய கிராமமாகத் தொடங்கி, 1873இல் நியூயார்க் நகருடன் இணைக்கப்பட்ட அது, தூண்களின்மேல் ஓடும் உயர்த்தப்பட்ட இரயில் பாதை வந்த பிறகே நகரப் பகுதியாக வளர்ந்தது. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்களுக்கு எண்களும், வடக்கு தெற்காகச் செல்லும் அகன்ற சாலைகளுக்கு அவென்யூ என்ற பெயரும் இட்டு வழங்கும் அந்நகரில், 125ஆம் தெரு ஹார்லெமின் கடைவீதியாகவும், லெனாக்ஸ் அவென்யூவும் ஏழாம் அவென்யூவும் அதன் முதன்மைச் சாலைகளாகவும் அமைந்தன. சுரங்க இரயில் லெனாக்ஸ் அவென்யூ வரை வரப்போகிறது என்ற செய்தியை நம்பி, வசதி படைத்த வெள்ளையர் குடும்பங்களுக்காக மனை வணிகர்கள் அடுக்குமாடிக் கட்டடங்களை எழுப்பிக் குவித்தனர். 1904இல் சுரங்க இரயில் வந்தபோது, குடிவரத் தயாராக இருந்தவர்களைவிட வீடுகள் பெருகிவிட்டிருந்தன. கடன் வாங்கிக் கட்டியவர்கள் காலி வீடுகளுக்கு வட்டி கட்ட வேண்டிய நிலைக்கு வந்தனர்.

இந்த நெருக்கடியில் வாய்ப்பைக் கண்டவர் பிலிப் பேட்டன் என்ற கறுப்பின மனைத் தரகர். கறுப்பினக் குடும்பங்களுக்குத் தரமான வீடு எங்கும் எளிதில் கிடைக்காததால் அவர்கள் கூடுதல் வாடகை தரவும் தயாராக இருந்தனர் என்பதை அறிந்த அவர், 1904இல் ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியால்டி என்ற நிறுவனத்தைப் பதிவு செய்து, ஹார்லெம் கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டார். நிறுவனம் சில ஆண்டுகளிலேயே முடங்கிப்போனாலும் திறந்த கதவு மீண்டும் மூடவில்லை. 1911இல் செயின்ட் பிலிப்ஸ் என்னும் கறுப்பினத் திருச்சபை, 135ஆம் தெருவில் பத்து அடுக்குமாடிக் கட்டடங்களை 6,40,000 டாலருக்கு வாங்கியதை, அம்மாற்றம் இனிப் பின்வாங்காது என்பதற்கான அறிவிப்பாகவே கொள்ளலாம். வெள்ளையர் உரிமையாளர்கள் சங்கம் அமைத்தும், கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்று தமக்குள் ஒப்பந்தம் எழுதியும் தடுத்துப் பார்த்தனர். ஆயினும் பக்கத்து வீடு கைமாறிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவர்களிற் பலர் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினர்.

கறுப்பின மக்கள் வடக்கு நோக்கி நகர்ந்ததற்குக் காவல்துறையும் ஒரு காரணமாக இருந்தது என்பதை இங்கே விட்டுவிடலாகாது. அதற்கு முன்பு அவர்கள் மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில், டெண்டர்லாயின், சான் ஹுவான் ஹில் ஆகிய நெரிசல் மிக்க குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1900 ஆகஸ்டில், சாதாரண உடையிலிருந்த வெள்ளையினக் காவலர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவருடனான மோதலில் கத்திக்குத்துப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து, வெள்ளையர் கும்பல்கள் கண்ணில்பட்ட கறுப்பினத்தவரையெல்லாம் தாக்கின. தடுக்க வேண்டிய காவலர்கள் தாமும் தடியோடு அத்தாக்குதலில் இறங்கினர். கறுப்பினக் காவலர்களைப் பணியில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் வலுப்பெற்றது. 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா இரயில் நிலையத்துக்காக டெண்டர்லாயினில் வீடுகள் இடிக்கப்பட்டதும், தென் மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வந்தோர் நாள்தோறும் பெருகியதும் சேர்ந்து, ஹார்லெமை நோக்கிய ஓட்டத்தை விரைவுபடுத்தின. நியூயார்க் நகரின் கறுப்பின மக்கள்தொகை 1910இல் 91,709 ஆக இருந்தது. 1920இல் 1,52,467 ஆகவும், 1930இல் 3,27,706 ஆகவும் உயர்ந்தது. இருபதே ஆண்டுகளில் மூன்றரை மடங்காகிய அந்த மக்களிற் பெரும்பகுதியினர் ஒரே சிறு நிலப்பரப்புக்குள் வாழ நேர்ந்தது என்ற உண்மையே, பின்னர் ஹார்லெமில் நிகழ்ந்த நன்மை தீமை இரண்டுக்கும் அடித்தளம்.

அத்தகைய குடியேறிகளில் ஒருவர்தான் பேட்டில். வட கரோலினா மாநிலத்தின் நியூ பர்ன் நகரில் 1883 ஜனவரி 16 அன்று பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை கண்டவர்கள், தந்தை மெதடிஸ்ட் சபையின் போதகர். இளமையிலேயே வடக்கே வந்து, வீட்டு வேலையாளாகவும் பிறகு கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தில் பயணிகளின் சுமை தூக்குபவராகவும் உழைத்தார். சிவப்புத் தொப்பி அணிந்ததால் ரெட் கேப் என்று வழங்கப்பட்ட அந்தச் சுமைக்காரர் வேலை, கறுப்பினத்தவருக்கு அன்று கிடைத்த வேலைகளில் மதிப்புக்குரியது. கல்லூரியில் படித்தவர்கள்கூட வேறு வேலை மறுக்கப்பட்டதால் அத்தொப்பியை அணிந்தனர். பேட்டிலின் அக்காள் கணவரான மோசஸ் காப், புரூக்ளின் தனி நகராக இருந்த காலத்திலேயே அதன் காவல்துறையில் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டுதலோடு பேட்டில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தார். இன்னார் பரிந்துரை என்ற அடிப்படையில் அன்றி மதிப்பெண் வரிசைப்படி அரசு வேலை தருவதற்காக ஏற்பட்ட அத்தேர்வு, செல்வாக்கற்றவர்களுக்குக் கோட்பாட்டளவில் ஒரு வாயிலாக இருந்தது.

நடைமுறையில் அந்த வாயிலிலும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிய பேட்டிலுக்கு இதயத்தில் குறை இருப்பதாகக் கூறி மருத்துவப் பரிசோதனையில் தள்ளினர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்டு, மணிக்கணக்கில் பெட்டிகளைத் தூக்கிப் பழகிய அவருக்கு அக்குறை இருந்ததாகக் கறுப்பினத் தலைவர்கள் நம்பவில்லை. அவர்கள் கொடுத்த அழுத்தத்தின் பயனாக மறுபரிசோதனை நடந்தது. 1911 ஜூன் 28 அன்று காவல் ஆணையர் ரைன்லாண்டர் வால்டோ அவரைப் பணியில் அமர்த்தினார். பத்தாயிரம் பேர் அளவிலான அத்துறை தானே பணியில் சேர்த்த கறுப்பினத்தவர் அவர் ஒருவரே.

முதலில் அவருக்குப் பணி ஒதுக்கப்பட்டது சான் ஹுவான் ஹில்லில். அங்கு அவரை எதிர்கொண்டது மௌனம். சக காவலர்கள் ஒருவர்கூட அவருடன் ஒரு சொல் பேசாத நிலை மாதக்கணக்கில் நீடித்தது. அக்கால முறைப்படி, ரோந்து முடித்த காவலர்கள் அவசரத் தேவைக்காகக் காத்திருக்கும் வகையில் நிலையத்திலேயே படுத்துறங்க வேண்டும்; அவருடன் ஒரே கூடத்தில் படுக்க மற்றவர்கள் விரும்பாததால், தேசியக் கொடி வைக்கப்படும் மேல்மாடிச் சிற்றறையில் அவர் தனியே உறங்கினார். காவல் பணியில் பேச்சு என்பது நட்புக்கான வசதி மட்டும் அன்று. எந்தச் சந்தில் யார் ஆயுதத்துடன் இருக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை முற்றுகிறது என்ற தகவலே ஒரு காவலரின் உயிரைக் காப்பது. அதை மறுப்பது, வாயைத் திறக்காமலே செய்யும் வன்முறை. பேட்டில் மேலிடத்தில் புகார் கொடுக்கவில்லை. புகார் கொடுத்தால் அடுத்து வரும் கறுப்பினத்தவருக்கு வாயில் அடைபடும் என்று அவர் கருதினார். ஒருவருடைய பொறுமையை அவருடைய இனம் முழுவதற்குமான தேர்வாக ஆக்கிய அந்த ஏற்பாட்டின் அநீதியை, அவருடைய பொறுமையைப் பாராட்டும்போது மறந்துவிடுதல் கூடாது.

கறுப்பின மக்கள் ஹார்லெமில் பெருகவே, பின்னர் பேட்டிலையும் துறை அங்கே மாற்றியது. ஒரு காவலருக்கென ஒதுக்கப்பட்டு, அவர் நாள்தோறும் நடந்தே சுற்றிவர வேண்டிய சில தெருக்களை அத்துறையில் பீட் என்பர். வானொலியும் ரோந்து வாகனமும் பரவாத காலத்தில், பீட் காவலர் என்பவர் சட்டத்தின் கடைசிக் கண்ணியாக மட்டுமின்றி, வழி தெரியாத குடியேறிக்கு முகவரி காட்டுபவராகவும், கணவன் மனைவி சண்டையைத் தீர்ப்பவராகவும், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவராகவும் இருந்தார். கிராமத்திலிருந்து நேரே வந்திறங்கிய தென் மாநில மக்களுக்கு, சீருடை அணிந்த வெள்ளையர் என்றால் அச்சத்தின் உருவம். தம்மைப் போன்ற ஒருவரே அச்சீருடையில் நிற்பதைக் கண்டபோது அவர்களுக்கு ஏற்பட்ட வியப்பும் பெருமிதமும் உண்மையானவை. அதே சீருடை ஒருநாள் தம் பிள்ளையையும் கைது செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

துறைக்குள் மெதுவாகவே மேலும் சிலர் வந்தனர். அவர்களுள் ஒருவரான ராபர்ட் ஹோம்ஸ், 1917 ஆகஸ்டில் ஹார்லெமில் திருடன் ஒருவனைத் துரத்திச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பணியில் உயிர்நீத்த முதல் கறுப்பின நியூயார்க் காவலர் அவரே. அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஹார்லெம் மக்கள் பெருந்திரளாக வந்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஜூலை 28 அன்று, கறுப்பினத்தவர்மீதான கொலைவெறித் தாக்குதல்களைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் ஐந்தாம் அவென்யூவில் முழக்கமின்றி அமைதிப் பேரணி நடத்தியிருந்தனர். சட்டம் தம்மைக் காக்கவில்லை என்று சொல்ல நடந்த அதே மக்கள், சட்டத்துக்காக உயிர்விட்ட தம்மவருக்காகவும் நடந்தனர். ஹார்லெமுக்கும் காவல்துறைக்கும் இடையிலான உறவை வெறுப்பு என்றோ பற்று என்றோ ஒரே சொல்லில் அடக்க முயல்வோர் இந்த இரண்டு ஊர்வலங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1919இல் பேட்டிலின் நிலை துறைக்குள் மாறியது. கறுப்பினத்தவர் ஒருவருக்கும் வெள்ளையினக் காவலர் ஒருவருக்கும் இடையே ஏற்பட்ட மோதலைத் தொடர்ந்து ஆத்திரமடைந்த ஹார்லெம் கூட்டம் அக்காவலரைச் சூழ்ந்துகொண்டபோது, பேட்டில் கூட்டத்துக்குள் புகுந்து அவரை உயிரோடு மீட்டார். சார்ஜென்ட் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் அதுவரை அவரைச் சேர்க்க மறுத்துவந்த வெள்ளையினக் காவலர்கள், இதன்பின் வாக்களித்து இடம் தந்தனர். ரோந்துக் காவலர்களை மேற்பார்வையிடும் முதல்படி அதிகாரியே சார்ஜென்ட். அப்பதவியில் ஒரு கறுப்பினத்தவர் அமர்வதென்றால், வெள்ளையினக் காவலர் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டும். அதனால்தான் பேட்டில் 1926 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் நகரின் முதல் கறுப்பினச் சார்ஜென்ட் ஆவதற்குள் ஹார்லெமே வேறோர் ஊராகிவிட்டிருந்தது.

1920களின் ஹார்லெமைப் பற்றி வெளியுலகம் அறிந்தது அதன் ஒளியை. ஹார்லெம் மறுமலர்ச்சி என்று வழங்கப்படும் இலக்கிய, இசை, ஓவிய எழுச்சி அங்குதான் நிகழ்ந்தது. 135ஆம் தெருவின் கிளை நூலகம் அதன் மையங்களில் ஒன்றாக விளங்கியது. கறுப்பின வரலாறு குறித்த நூல்களையும் ஆவணங்களையும் ஆர்துரோ ஷோம்பர்க் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த தொகுப்பு 1926இல் 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு அந்நூலகத்தில் வைக்கப்பட்டது. கறுப்பினத் தன்மானத்தை வலியுறுத்திய மார்கஸ் கார்வியின் இயக்கத்தினர் சீருடையில் அணிவகுத்துச் சென்றனர். 138, 139ஆம் தெருக்களில், ஏழாம் எட்டாம் அவென்யூக்களுக்கு இடையே, வெள்ளைச் செல்வர்களுக்கென 1890களில் கட்டப்பட்ட அழகிய வரிசை வீடுகள், 1919 முதல் கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்டன; மருத்துவர், கட்டடக் கலைஞர், இசைவாணர் எனப் பலர் அங்கே குடியேறியதால், முன்னேறத் துடிப்போர் வரிசை என்ற பொருளில் ஸ்ட்ரைவர்ஸ் ரோ என்று அது பெயர் பெற்றது. அந்த வரிசையில் பேட்டிலும் ஒரு வீட்டுக்கு உரிமையாளரானார். சுமை தூக்கியவர் வெள்ளையர் வெளியேறிய மாளிகையில் குடியேறினார் என்பது, ஹார்லெமின் மாற்றம் அவருக்கு அளித்த நன்மையின் அளவு.

அவ்வரிசைக்கு வெளியே வாழ்க்கை வேறாக இருந்தது. கறுப்பினத்தவருக்கு நகரின் பிற பகுதிகளில் வீடு மறுக்கப்பட்டதால், ஹார்லெமின் வீட்டு உரிமையாளர்கள் கேட்டதே வாடகை ஆயிற்று. வருவாயோ நகரச் சராசரியைவிடக் குறைவு. ஒரு குடும்பத்துக்கென அமைந்த வீட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்தன. இரவு வேலைக்காரர் பகலிலும் பகல் வேலைக்காரர் இரவிலும் ஒரே படுக்கையை வாடகைக்கு எடுத்தனர். மாத வாடகை சேராதபோது, பியானோ வாசிப்பவரை அழைத்து, சமைத்து வைத்து, நுழைவுக்குச் சிறு தொகை வாங்கி வீட்டிலேயே இரவு விருந்து நடத்துவது வழக்கமாயிற்று. பிற்காலத்தில் ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூரும் அந்த வாடகை விருந்துகள், பீட் காவலரின் ஏட்டில் கூச்சல், சட்டவிரோத மது, அடிதடி என்று பதிவாயின. மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில் வெள்ளையர் இரவு வேடிக்கைக்காக ஹார்லெமுக்குத் திரண்டு வந்தனர். லெனாக்ஸ் அவென்யூவின் காட்டன் கிளப் என்னும் புகழ்பெற்ற கேளிக்கை விடுதியில் கறுப்பினத்தவர் ஆடிப் பாடினர், ஆனால் பார்வையாளர் இருக்கை வெள்ளையருக்கே. சட்டத்தை மீறிய அந்த விடுதிகள் செழித்ததற்குக் கையூட்டு வாங்கிய அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் துணைநின்றனர்.

நம்பர்ஸ் என்று வழங்கிய எண் சூதாட்டமும் இவ்வாறே வளர்ந்தது. மூன்று இலக்க எண் ஒன்றைத் தேர்ந்து சில காசுகளைப் பந்தயம் கட்டினால், வங்கிகளின் அன்றாடக் கணக்குத் தீர்வைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் தொகையின் குறிப்பிட்ட இலக்கங்களோடு அது பொருந்தும்போது ஏறத்தாழ 600 மடங்கு பணம் கிடைக்கும். வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கடன் தராத காலத்தில், இச்சூதாட்டத்தை நடத்தியவர்களே தொழில் முதலீடும் கல்வி உதவியும் கொடுத்தனர் என்பதால், அவர்களைக் குற்றவாளிகள் என்று ஒதுக்க மக்கள் முன்வரவில்லை. அவர்களுள் ஒருவரான ஸ்டெஃபனி செயின்ட் கிளேர், தம்மிடம் கையூட்டு வாங்கிய காவலர்களைப் பற்றி 1930இல் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமே அளித்தார். சட்டப் புத்தகத்தின்படி கைது செய்ய வேண்டியவரைத் தெரு வணங்குகிறது; தெரு வெறுப்பவரோ சக காவலர். இந்த முரணுக்குள்தான் ஒரு நேர்மையான அதிகாரி அன்று பணியாற்ற வேண்டியிருந்தது.

1929இல் பங்குச்சந்தை வீழ்ந்து பெரும் பொருளாதார மந்தம் சூழ்ந்தபோது, கடைசியாக வேலைக்கு எடுக்கப்பட்டு முதலில் நீக்கப்படும் மக்கள் என்ற நிலையில் ஹார்லெம் மிகக் கடுமையாகத் தாக்குண்டது. 125ஆம் தெருவின் பெரிய கடைகள் கறுப்பினத்தவரின் பணத்தை வாங்கிக்கொண்டன. கல்லாவிலும் விற்பனை மேசையிலும் அவர்களை அமர்த்தவில்லை. வேலை தராத இடத்தில் வாங்காதே என்ற மறியல் இயக்கம் 1934இல் ஒரு பெரிய கடையை இணங்க வைத்தது. ஆயினும் அவ்வெற்றி நிலைக்குமுன்பே நீதிமன்றங்கள் மறியலைத் தடை செய்தன. பேட்டில் நகரின் முதல் கறுப்பின லெப்டினன்டாக, அதாவது சார்ஜென்டுகளுக்கும் மேலான நிலைய அதிகாரியாக, உயர்ந்த 1935ஆம் ஆண்டில், மார்ச் 19 அன்று அக்கடைவீதி வெடித்தது.

அன்று நிகழ்ந்தவற்றை வரிசையாகக் காண்பது பயனுள்ளது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன் ஒருவன் கிரெஸ் கடையில் ஒரு சிறு கத்தியைத் திருடியதாகப் பிடிபட்டான். பிடித்த ஊழியர்களை அவன் கடித்தான். கடைக்காரர் வழக்கு வேண்டாம் என்றதால், காவலர் ஒருவர் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக அவனைக் கீழ்த்தளத்தின் வழியே பின்புறமாக வெளியே விட்டார். ஆனால் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்றதைக் கண்ட பெண்கள், அடிப்பதற்கே கொண்டுபோகிறார்கள் என்று அலறினர். கடிபட்டவர்களுக்காக ஆம்புலன்ஸ் வந்தது. பின்பு தற்செயலாகப் பிண ஊர்தி ஒன்றும் அருகில் வந்து நின்றது. பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட பெண்களுக்குக் காவலர்கள், அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்ற வகையில் பதில் சொன்னதாகப் பின்னர் அமைந்த விசாரணைக் குழு பதிவு செய்தது. மாலைக்குள் சிறுவன் கொல்லப்பட்டான் என்ற வதந்தி ஹார்லெம் முழுவதும் பரவி, இரவெல்லாம் கடைகள் உடைக்கப்பட்டன, மூவர் உயிரிழந்தனர். நள்ளிரவுக்குப் பின்னரே காவல்துறை அச்சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்தது. அவன் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க, லெப்டினன்ட் பேட்டிலை அவனோடு நிறுத்திப் படமெடுத்து வெளியிட்டனர்.

அந்தப் படம் ஹார்லெம் வரலாற்றின் அரிய ஆவணங்களில் ஒன்று. நகர நிர்வாகத்தின் சொல்லை ஹார்லெம் நம்பாது, பேட்டிலின் முகத்தை நம்பும் என்று துறையே கருதியதற்கு அது சான்று. பல ஆண்டுகள் அதே தெருக்களில் அவர் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை ஒரே இரவில் செலவழிக்க நிர்வாகம் அவரிடம் வந்தது. கடை ஊழியத்திலும் வீட்டு வாடகையிலும் சேரவேண்டியிருந்த நம்பிக்கையை அது ஒருபோதும் சேர்த்ததில்லை. கேட்ட பெண்களுக்கு அன்று மாலையே ஒரு காவலர் பொறுமையாக விடையளித்திருந்தால் வதந்தி எழுந்திராது என்பது உண்மையாக இருக்கலாம். அவ்வதந்தியை ஒரு மாலைக்குள் அத்தனை பேர் நம்பியதற்கு, அதுவரை அவர்கள் கண்ட காவல்துறையே காரணம் என்பதும் உண்மை.

மேயர் லா கார்டியா அமைத்த குழுவின் ஆய்வுப் பணிக்குச் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் தலைமை ஏற்றார். வேலை மறுப்பு, நெரிசலான பள்ளிகள், போதாத மருத்துவமனை, அநியாய வாடகை, காவலரின் அத்துமீறல் ஆகியவை திரண்டு வெடித்ததே அக்கலவரம் என்று குழு கண்டது. கலகக்காரர்களின் சதி என்ற வாதத்தை ஏற்கவில்லை. மேயர் அறிக்கையை வெளியிடாமல் வைத்திருந்தார். 1936 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற ஹார்லெம் செய்தித்தாள் அதை அச்சிட்ட பிறகே மக்கள் படிக்க முடிந்தது.

1941இல் பேட்டில் சீருடையைக் களைந்தார். நகரின் பரோல் ஆணையராக, அதாவது சிறைத்தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுவிக்கப்படுவோரைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில், மேயர் அவரை நியமித்தார். அப்பொறுப்பில் இருந்து அவ்வாண்டு ஜூனில் இறந்த பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் எஞ்சிய பதவிக் காலத்தையே பேட்டில் ஏற்றார். முப்பது ஆண்டுகள் கைது செய்யும் முனையில் நின்றவர், இப்போது விடுவிக்கும் முனைக்கு வந்தார். ஹார்லெம் இளைஞர்களுக்காகக் கோடை முகாம்களையும் விளையாட்டுப் பயிற்சிகளையும் அவர் முன்னின்று ஏற்படுத்தியதை, தெருவிலிருந்து அவர் கற்ற பாடமாகக் கொள்வது பொருந்தும்.

ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1943 ஆகஸ்ட் 1 அன்று, 126ஆம் தெரு விடுதி ஒன்றில் கைது நடவடிக்கையில் குறுக்கிட்ட கறுப்பினப் படைவீரர் ஒருவரை வெள்ளையினக் காவலர் சுட்டார். வீரருக்குக் காயமே; ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று ஊர் நம்பியது. உலகப்போரில் விடுதலைக்காகப் போரிட அழைக்கப்பட்டவருக்குத் தம் ஊரிலேயே தோட்டா என்ற எண்ணம், எட்டாண்டுகளுக்கு முந்தைய வதந்தியைவிடக் கூர்மையாகப் பாய்ந்தது. அவ்வாண்டு ஜூனில் டெட்ராய்ட் நகரில் நிகழ்ந்த இனக் கலவரத்தைக் கவனித்திருந்த லா கார்டியா, இம்முறை முன்னேற்பாட்டுடன் செயல்பட்டார்: போக்குவரத்தை நிறுத்தினார், கறுப்பினத் தன்னார்வலர்களையும் கறுப்பின இராணுவக் காவலர்களையும் தெருவுக்கு அழைத்தார், கறுப்பின உரிமைச் சங்கத் தலைவர் வால்டர் வைட்டுடன் தாமே தெருக்களில் சென்று வீரர் உயிரோடிருப்பதை அறிவிக்கச் செய்தார். பேட்டிலையும் உதவிக்கு அழைத்தார். சீருடை இல்லாமலே அவர் தெருவுக்கு வந்தார். ஆறு பேர் உயிரிழந்தனர், அறுவரும் கறுப்பினத்தவர். 1935இன் அறிக்கை சுட்டிய குறைகளில் பெரும்பாலானவை தீர்க்கப்படாமலே இருந்தன என்பதை நினைத்தால், காவலரிடம் வந்து சேரும் முன்பே அவ்விரவின் காரணங்கள் எழுதப்பட்டுவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

பேட்டில் 1951இல் ஓய்வு பெற்றார். தம் வாழ்வை நூலாக்கும்படி கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸை அவர் அமர்த்தினார்; ஹியூஸ் எழுதி முடித்த அக்கையெழுத்துப்படியை வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. 1960இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்கு அவர் விரிவான நேர்காணல் அளித்தார். அவ்விரு ஆவணங்களும் எஞ்சியதால்தான், 2015இல் ஆர்தர் பிரவுன் என்ற இதழாளர் அவருடைய முழு வரலாற்றை நூலாக எழுத முடிந்தது. லெனாக்ஸ் அவென்யூவும் 135ஆம் தெருவும் சந்திக்கும் முனைக்கு 2009இல் நகரம் அவர் பெயரைச் சூட்டியது.

அவர் வாழ்ந்தபோதே ஹார்லெம் மீண்டும் ஒருமுறை எரிந்தது. 1964 ஜூலையில், பணிநேரத்தில் இல்லாத வெள்ளையினக் காவல் அதிகாரி ஒருவர் 15 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றதைத் தொடர்ந்து, ஹார்லெமில் தொடங்கிய கலவரம் புரூக்ளினுக்கும் பரவியது. அதன்பின் ஆகஸ்டில்தான், ஹார்லெமின் ஒரு காவல் சரகத்துக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பு முதன்முறையாகக் கறுப்பின அதிகாரி ஒருவருக்கு, லாய்டு சீலிக்கு, அளிக்கப்பட்டது. பேட்டில் பணியில் சேர்ந்து அப்போது 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 81.